உப்புக்காற்றில் எந்த லாக்கர்?
ஆக்சிலின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்தான் டிஃபரன்ஷியல்; அதைப் பூட்டி இரண்டையும் சேர்ந்தே சுழலவைப்பது லாக்கர். ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றதும் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் மணலுக்குப் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 2017-ல் தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை வருமுன் அந்த மணலில் வேன் ஓட்டியவன் நான். சக்கரம் குழி பறித்தபின் லாக் விழுந்து என்ன பயன்? ஈரமணலில் அதற்குள் ஆக்சில் வரை புதைந்திருக்கும். மணலில் இறங்குமுன் நாமே போடுகிற லாக்தான் வேண்டும். ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனியாக லாக் உண்டு. முதலில் பின்னதை மட்டும் போடுங்கள். முன்னதும் விழுந்தால் ஸ்டீயரிங் லேசில் திரும்பாது. தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

காற்றழுத்தத்தில் பூட்டும் ஏர் லாக்கரா, மின்சாரத்தில் பூட்டும் எலக்ட்ரிக்கா என்று கேட்டவருக்கு: நம் கரையில் உப்புதான் எதிரி. மச்சான் வண்டியின் எலக்ட்ரிக் லாக்கரில் வயர் கனெக்டர் பச்சை பூத்து, தேவைப்பட்ட நேரத்தில் லாக் விழவே இல்லை. ஏர் என்றால் அதற்குக் காற்று தரும் கம்ப்ரஸரை உப்புநீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். அதற்கெல்லாம் முன்னால், டயர் காற்றை 18 psi-க்கு இறக்கிப் பாருங்கள்.