டேட்டா சென்டர் வரட்டும், எழுதிக் குடுத்துட்டு வரட்டும்

நேத்து ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல நடந்த கூத்த பாதி பேர் பாத்திருப்பீங்க, மொதல்லருந்து சொல்லல. விசாகப்பட்டினத்துல டேட்டா சென்டருக்கு, அதான் நம்ம போன்ல பாக்கறதெல்லாம் சேத்து வைக்கற சர்வர் கம்ப்யூட்டருங்கள அடுக்கி வச்ச பெரிய கட்டடத்துக்கு, கூகுள் 5 வருஷத்துல 1500 கோடி டாலர் போடப்போறதா 2025 அக்டோபர்ல சொன்னாங்கல்ல, அந்த நியூஸ தூக்கிப் போட்டு "நம்ம வேலூருக்கும் இப்டி ஒண்ணு வந்தா ஊரே மாறிடும்"னாரு ஒருத்தரு. நான் கேட்டது ரெண்டே கேள்வி. கட்டி முடிச்சப்புறம் நம்ம பசங்க எத்தன பேருக்கு வேலை? சர்வர் சூட்ட ஆத்தறதுக்குத் தண்ணி எங்கருந்து? வளர்ச்சிக்கு எதிரியாம் நானு. பட்டத்துக்கு நன்றி.

நான் வேணாம்னே சொல்லலப்பா. எத்தன வேலை, எவ்ளோ தண்ணின்னு கம்பெனிய எழுதிக் குடுக்கச் சொல்லுங்கன்னுதான் சொன்னேன்.

மேல்மொணவூர் டைடல் நியோ ஐடி பார்க் மாதிரி ஆளுங்க உக்காந்து வேலை பாக்கற எடம் வேற, இது வேற. டேட்டா சென்டர் கட்டற வரைக்கும் கூட்டம் இருக்கும், அப்புறம் எலக்ட்ரீஷியன், ஏசி பாக்கறவங்க, செக்யூரிட்டி. என் மச்சான் அம்பத்தூர்ல அப்டி ஒண்ணுல கான்ட்ராக்ட்ல இருக்கான். நைட் ஷிப்ட்ல அவ்ளோ பெரிய ஹால்ல சர்வர் சத்தமும் இவனும் மட்டும்தானாம். காலைல ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல காட்பாடிலருந்து சென்னைக்கு வேலைக்குத் தொங்கிக்கிட்டுப் போற பசங்களுக்கு இதுல இன்னா பதில் இருக்கு?

"நீ போன் யூஸ் பண்ணலியா"ன்றாங்க. பண்றேன். செருப்பும்தான் போட்டேன், அதுக்காக பாலாத்துல தோல் கழிவ விட்டது சரியாயிடுமா? எங்க நைனா நெலம் வாலாஜா பக்கம். வரப்புல வெள்ளையா உப்பு பூத்து நிக்கும், கெணத்துத் தண்ணில சோறு வடிச்சா மஞ்சளா இருக்கும், அம்மா வாய்ல வச்சுப் பாத்துட்டு அப்டியே கொட்டிடும். அப்பவும் ஊருக்கு வேலை வருதுன்னுதான் சொன்னாங்க, வேலையும் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா 1996ல நம்ம ஊர் தோல் கழிவு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே சுமார் 35,000 ஹெக்டேர் வெவசாய நெலம் கெட்டுப்போச்சுன்னு வந்துச்சே, அத யாரு வந்து சரி பண்ணிக் குடுத்தா?

"இப்பல்லாம் தண்ணியே இல்லாம கூலிங் பண்றாங்க"ன்னு ஒரு தம்பி சொன்னாரு. நியாயமான பாயின்ட். தண்ணி கொறஞ்சா கரன்ட் ஏறும், சரி, அதையும் எழுதிக் குடுக்கட்டும். அமெரிக்காவுல ஓரிகன்ல தி டால்ஸ்னு சின்ன ஊரு, அங்க கூகுள் எவ்ளோ தண்ணி எடுக்குதுன்றத வெளிய சொல்லக்கூடாதுன்னு நகராட்சியே பேப்பர்காரங்க மேல கேஸ் போட்டுச்சு. கடைசில வெளிய வந்தப்ப, 2021ல ஊரு மொத்த தண்ணில கால்வாசிக்கு மேல. நாம மேட்டூர்லருந்து காவிரிய இழுத்து குடிக்கற ஊரு சாமி!

அதே அமெரிக்காவுல வர்ஜீனியால லவுடன் கவுன்டிக்கு டேட்டா சென்டர் வரியே கொட்டுதுன்றதும் உண்மைதான். ஆனா இங்க தமிழ்நாட்டுல 2021லயே டேட்டா சென்டர் பாலிசி போட்டு கம்பெனிங்களுக்கு சலுகை அறிவிச்சாச்சு. பஞ்சாயத்துக்கு இன்னா மிஞ்சும்னு கேட்டா சிரிப்பு ஸ்மைலி போடறாங்க. ஸ்மைலிதான் பதிலா?

சிஎம்சில யாருக்காவது ரத்தம் வேணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் எடுத்தவன் நானு. அப்ப யாரும் என்ன எதிரின்னு சொல்லல. நேத்து ஒரே செகண்ட்ல ரிமூவ்.

அட்மின் அண்ணா, எங்க தெருவுக்கு வால்வு தொறக்கற டைம் அந்த குரூப்லதான் வரும். அத மட்டும் தனியா அனுப்பி உடுங்க, வூட்ல கேக்கறாங்க.