"பாத்து செய்யுங்கப்பா"ன்னா அது சேஃப்டியா?

மூணு நாலு பேர் வேலை செய்ற சின்ன கார் ஒர்க்ஷாப்புல சேஃப்டி பத்தி கேட்டுப் பாருங்க, தவ்கே, அதான் முதலாளி, சீனரா இருந்தாலும் நம்ம ஆளா இருந்தாலும் பதில் ஒண்ணுதான், "எல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் உள்ள பசங்க, பாத்து செஞ்சுக்குவாங்க". எனக்கு இந்தப் பதில் மேலதான் கோவம்.

சிங்கப்பூர்ல வேன் ஓட்டிப் பொழைக்கிறவன் நான், அதனால காக்கி புக்கிட், சின் மிங், உபின்னு இந்த ஒர்க்ஷாப் பில்டிங்ல எல்லாம் உக்காந்து காத்துக்கிட்டு கிடக்குறது எனக்குப் பழக்கம். போன மாசம் ஒரு இடத்துல மலேசியா ஜோகூர்லேர்ந்து விடியக்காலைல பைக்ல காஸ்வே பாலம் தாண்டி வர்ற தம்பி ஒருத்தர், வெறும் ட்ராலி ஜாக்ல ஏத்தின ஹையேஸ் வேனுக்கு அடியில இடுப்பு வரைக்கும் உள்ள படுத்துக்கிட்டு வேலை செய்றாரு. தூக்கின வண்டியைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்டாண்ட் இல்லாமலா? இருக்கு, சுவத்து ஓரமா ரெண்டு நிக்குது, மேல ஃபில்டர் அட்டைப்பெட்டியை அடுக்கி வச்சிருக்காங்க. "தம்பி அதைப் போட்டுக்கலாமே"ன்னேன். "அஞ்சு நிமிஷ வேலைண்ணே, பதினஞ்சு வருஷமா இப்படித்தான்"னு அடியிலேர்ந்தே குரல் வருது.

ஜாக்குக்கு பதினஞ்சு வருஷ அனுபவம்லாம் தெரியாதுங்க. அது வண்டியைத் தூக்கத்தான், தாங்குறதுக்கு இல்ல, உள்ள இருக்கிற எண்ணெய் அழுத்தத்துல நிக்குது, சீல் போச்சுன்னா சொல்லிட்டு எல்லாம் இறங்காது. ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கிற வண்டி நெஞ்சு மேல இறங்குறப்ப நீங்க எவ்வளவு பாத்து செஞ்சாலும் என்ன பண்ண முடியும்? ஸ்டாண்ட் போட்டிருந்தா ஜாக் செத்தாலும் ஆள் பொழைப்பான், அவ்வளவுதான் கணக்கு. ஸ்டாண்ட் போடாம யாரும் அடியில போகக் கூடாதுன்னு தவ்கே ஒரு தடவை கறாரா சொன்னா முடிஞ்சுபோற விஷயம், ஆனா சொல்ல மாட்டாரு, ஏன்னா வெளிய இன்னும் ஆறு வண்டி நிக்குது.

இதாவது கண்ணுக்குத் தெரியுற ஆபத்து. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவங்க கதை வேற. அதுக்குன்னு தனி அறை, பூத், கிடையாது, பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்க விட்டுட்டு, கோவிட் நேரத்துல வாங்குன மிச்ச மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு அடிக்கிறாங்க. டூ-கேன்னு சொல்ற, ரெண்டு பொருளைக் கலந்து அடிக்கிற பெயின்ட்ல சேக்குற ஹார்ட்னர்ல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு, ஆஸ்துமாவை உண்டாக்குற பொருள். அந்த மாஸ்க் அதைத் தடுக்காது, வெளியிலேர்ந்து குழாய்ல சுத்தமான காத்து வர்ற மாஸ்க்தான் வேணும். மோசமான சங்கதி என்னன்னா அது அளவு தாண்டினாலும் மூக்குக்குத் தெரியாது, ஆக "நாத்தம் வரல, பரவால்ல"ன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. ஒருதடவை உடம்புக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே மூச்சு இழுக்கும், தொழிலையே விட வேண்டியதுதான். ராத்திரி இருமல், லீவு நாள்ல நல்லா இருக்கு, வேலைக்குப் போனா திரும்ப வருதுன்னா சளின்னு நினைச்சு பனடோல் போட்டுக்கிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட என்ன வேலை செய்றீங்கன்னும் சொல்லுங்க.

மைலோ டின்ல பெட்ரோல் ஊத்தி கை கழுவுறது இன்னொண்ணு. கறுப்பு போகும், சரி, தோலும் சேந்து போகும். அதுல பென்சீன் இருக்கு, ரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போற சாமான். அந்த டின் இருக்கிற இடத்துலேர்ந்து நாலடி தள்ளி ஒருத்தர் கிரைண்டர்ல பொறி பறக்க விட்டுக்கிட்டு இருக்காரு, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போகும்னு அவருக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா?

"சின்னக் கடைக்கு எதுக்குங்க இதெல்லாம்"னு கேக்குறவங்களுக்கு, வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் 2006-ல வந்துச்சு, 2011 செப்டம்பர்லேர்ந்து எல்லா வேலையிடத்துக்கும் அது பொருந்தும், ரெண்டு பேர் கடைன்னு விலக்கு இல்ல. அதுக்குக் கீழ உள்ள விதிகளை மீறுனா கட்ட வேண்டிய அதிகபட்ச அபராதமும் 2024 ஜூன்ல 20,000 சிங்கப்பூர் டாலர்லேர்ந்து 50,000 டாலர் ஆயிடுச்சு. காசு இல்லன்னு சொல்ற தவ்கேக்கு ஸ்டார்ட்சேஃப்னு ஒரு திட்டம் இருக்கு, சின்ன கம்பெனிக்கு ஆள் நேர்ல வந்து எங்க ஆபத்து இருக்குன்னு இலவசமா பாத்துச் சொல்லுவாங்க. இலவசம்னா கூட கூப்பிட மாட்டேங்கிறாங்க, உள்ள வந்தா நோண்டுவாங்கன்னு பயம் போல.

இப்ப மின்சார வண்டி வேற வந்துக்கிட்டே இருக்கு, 400 வோல்ட் கிட்ட பேட்டரி, அந்த கரண்ட் ஓடுற ஆரஞ்சு கலர் கேபிள். இதுலயும் "பாத்து செஞ்சுக்குவோம்"னா, தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்குற விஷயமா அது?

அடிபட்டா என்ன நடக்குதுன்னும் சொல்லிடுறேன். விரல் நசுங்குனா "வேலையில பட்டுச்சுன்னு சொல்லாத, பைக்ல விழுந்தேன்னு சொல்லு, கிளினிக் காசு நான் தர்றேன்"னு சொல்ற பாஸுங்க இருக்காங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கே நடந்திருக்கு. ஊருக்கு புதுசு, வேலை பர்மிட் போயிடுமோன்னு பயம், அப்படியே சொல்லிட்டான். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்துல யார் மேல தப்புன்னு பாக்க மாட்டாங்க, சிங்கப்பூரரோ மலேசியாக்காரரோ வேலை ஒப்பந்தத்துல இருக்கிறவரா இருந்தா போதும், எம்சி (மருத்துவ விடுப்பு) நாளுக்குச் சம்பளம், வைத்தியச் செலவு எல்லாம் உண்டு, கை வேலை செய்றவங்களுக்கு முதலாளி இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும். ஆனா "ஃப்ரீலான்ஸ்"னு காரைக் கணக்கு பண்ணி காசு வாங்குற ஸ்ப்ரே ஆளுங்களுக்கு இது கிடையாது, அவங்க தனியா பாலிசி எடுத்துக்கணும்.

ஒர்க்ஷாப்ல வேலை செய்ற தம்பிங்க யாரையாவது தெரிஞ்சா இதை அனுப்புங்க. அடிபட்டா டாக்டர்கிட்ட முதல் நாளே வேலையிலதான் பட்டுச்சுன்னு சொல்லணும், பைக்னு ஒருதடவை எழுதிட்டா அந்த ரெக்கார்டை மாத்துறது பெரிய பாடு, க்ளைம் போட ஒரு வருஷம்தான் டைம்.