வளையலைப் பார்க்காதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை குறும்பட விழாவில் என் படத்துக்கு நடந்ததைப் பற்றி மூன்று நாள்களாக வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நேற்று ஒரு நண்பர் என் இணையப் பக்கத்திலேயே வந்து 'நடுவர் சொன்னதில் என்ன தவறு?' என்று கேட்டுவிட்டார். இனியும் சும்மா இருந்தால் நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

என் படத்தில் ஃபிளாஷ்பேக் வரும் இடத்தைப் பற்றி நடுவர் சொன்னது இது: "எது இன்று, எது பழைய காலம் என்றே தெரியவில்லை. கொஞ்சம் மஞ்சள் சாயமாவது ஏற்றியிருக்கலாம். 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு' என்று எழுத்தாவது போட்டிருக்கலாம். நம் ஜனங்களுக்குப் புரிய வேண்டாமா?" உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கொசுவர்த்திச் சுருளையாவது சுற்ற விட்டிருக்கலாம்!" பழைய படங்களில் ஃபிளாஷ்பேக் வரும்போது சுழலுமே, அந்தச் சுருள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

படத்தில் இருந்தது என்ன? அடுப்படியில் ஒரு பெண். தெருவில் மொபெட் சத்தம் நெருங்கி வந்து வாசலருகே நிற்கிறது. அவள் கை அடுப்பின் திருகை நோக்கிப் போகிறது. அது வெறுங்கை. அடுத்த ஷாட்டில் திருகைத் திருகும் கையில் ஆறு கண்ணாடி வளையல்கள். வெறுங்கை இன்று, வளையல் அன்று. இதற்கு மேல் மஞ்சள் எதற்கு?

ஜனங்களுக்குப் புரியும். 1954-இல் 'அந்த நாள்' வந்தது. பாட்டு கிடையாது. தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டுச் செத்துவிடுகிறான். பிறகு ஆளாளுக்குச் சொல்லும் வாக்குமூலங்களில்தான் அவன் உயிரோடு நடமாடுகிறான். 2004-இல் 'விருமாண்டி': ஒரே சம்பவத்தைக் கொத்தாளத் தேவர் ஒரு விதமாகச் சொல்கிறார், விருமாண்டி வேறு விதமாகச் சொல்கிறான். எவன் சொல்வது பொய் என்று பார்த்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

'அப்படியானால் நிறத்தை மாற்றுவதே தவறா?' என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. 'ஹே ராம்' படத்தில் சாகக் கிடக்கும் முதியவரின் இன்றுதான் கறுப்பு வெள்ளை. அவர் நினைவில் ஓடும் நாற்பதுகள் முழு வண்ணத்தில் வரும். அவருக்கு வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது, இன்று சாம்பல். அந்த நிறத்துக்கு ஒரு காரணம் உண்டு. நடுவர் கேட்ட மஞ்சளுக்கு என்ன காரணம்? பழசு என்றால் மஞ்சள், சோகம் என்றால் நீலம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கூட இதைவிட யோசித்து நிறம் கேட்பார்.

கொசுவர்த்திச் சுருளைக் கேலி செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாற வேண்டுமானால், லேபில் ஆப்டிகல் பிரிண்டர் என்ற, படச்சுருளை மறுபடி படம்பிடிக்கும் கருவியில் இரண்டையும் சேர்த்துப் புதிய நெகட்டிவ் எடுக்க வேண்டும். பிரதி எடுத்த இடத்தில் படம் துகள் துகளாகத் தெரிவது கூடிவிடும். பழைய படங்களைக் கூர்ந்து பாருங்கள், காட்சி கரைவதற்குச் சற்று முன்பே படம் ஒரு மாற்று மங்கியிருக்கும். ஃபிளாஷ்பேக் வரப்போவதைப் படச்சுருளே காட்டிக்கொடுக்கும்! அவ்வளவு பாடுபட்டுச் செய்ததால் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று யோசித்தார்கள். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஆகவே எல்லா இடத்திலும் வேண்டும் என்கிறார்கள்.

கைபேசியை நோண்டிக்கொண்டே படம் பார்க்கிறவர்களுக்குப் புரியாது என்கிறார் ஒருவர். கைபேசியைக் கீழே வைக்கட்டும்.

தோற்ற கடுப்பில் எழுதுகிறேன் என்றும் சொல்வார்கள். ஆமாம், கடுப்புதான். கடுப்பில் சொன்னால் இரண்டும் இரண்டும் ஐந்தாகிவிடுமா? இதே நடுவர்தான் அன்று காலை 1959-இல் வந்த, பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனேயின் 'ஹிரோஷிமா மோன் அமூர்' பற்றி அரை மணி நேரம் உருகினார். அதில் தூங்கும் ஜப்பானியக் காதலனின் கை லேசாக அசைகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, பல ஆண்டுகளுக்கு முன் செத்துக்கொண்டிருந்த ஜெர்மன் சிப்பாயின் கை சட்டென்று வந்து போகிறது. கரைதலும் இல்லை, எழுத்தும் இல்லை. நான் கடன்பட்டிருப்பது அந்தக் கைக்குத்தான், மறைக்கவில்லை. அங்கே அது மேதைமை, இங்கே அது குழப்பம். பாரிஸ்காரருக்குப் புரியும், பரமக்குடிக்காரருக்குப் புரியாது. அப்படித்தானே ஐயா?

அந்தக் காட்சியை நான் பிரான்சிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றும் எங்கள் தெருவில் ஒரு டிவிஎஸ் 50 வந்து நின்றால் அம்மா சாம்பாரைக் கிளறுவதை நிறுத்திவிட்டு, காபிக்குப் பால் பாத்திரத்தை எடுக்கிறார். எடுத்த பிறகுதான் நினைவு வரும். பாத்திரத்தைத் திரும்ப வைக்கும்போது சத்தமே வராமல் வைப்பார், நான் கவனித்துவிடக் கூடாது என்று. அந்த நொடியில் எங்கள் சமையலறை மஞ்சளாக மாறி நான் பார்த்ததில்லை. சுவரில் ஆண்டு எதுவும் எழுதியிருக்கவில்லை.

அரங்கம் சிரித்தபோது இதையெல்லாம் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது. அவர்கள் சிரித்தது ஒரு வெட்டைப் பார்த்து, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் இடத்தைப் பார்த்து. எனக்கு அது அம்மாவைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது. இது நியாயமில்லை என்று எனக்கே தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

திங்கள் இரவு அம்மாவுக்கு மடிக்கணினியில் படத்தைப் போட்டுக் காட்டினேன். என்ன, எது என்று எதுவும் சொல்லவில்லை. அந்த வெட்டு வந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடி வளையல் இப்படிச் சத்தம் போடாதே தம்பி, இது வேறு ஏதோ" என்றார்.

உண்மைதான். படப்பிடிப்பில் ஒலி சரியாக வராததால் பிறகு உலோக வளையலை வைத்துப் பதிவு செய்தோம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை மாற்றுகிறோம்.