கல்லூரியில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்.பி.ஏ.விலும் நட்சத்திரமாவாரா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளிகள் எடுப்பவர் அந்நாட்டின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.விலும் நிச்சயம் ஜொலிப்பார் என்றும், அதற்கு என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீபன் கரியே சான்று என்றும் ஒரு கூற்று பரவி வருகிறது. டேவிட்சன் கல்லூரிக்காக 2008-09 பருவத்தில் கரி 28.6 சராசரியுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது உண்மைதான். அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறானது.

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் 2010-11இல் 28.9 சராசரியுடன் அதே முதலிடத்தைப் பிடித்து, என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2011 தேர்வில் (டிராஃப்ட்) 10ஆவதாக எடுக்கப்பட்டார், ஆயினும் என்.பி.ஏ.வில் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் நிலையான ஒருவராகக்கூட அவரால் ஆக முடியவில்லை. அதே தேர்வில் 15ஆவதாக எடுக்கப்பட்ட சான் டியேகோ ஸ்டேட் வீரர் காவாய் லெனார்டின் கடைசிக் கல்லூரிப் பருவச் சராசரி வெறும் 15.5தான். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் பத்துக்கு மூன்றுகூட அவருக்கு விழவில்லை. ஆனால் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட ரீபவுண்டுகள் (தவறிய எறிதலிலிருந்து திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்), நீண்ட கைகள், மிகப் பெரிய உள்ளங்கைகள், எதிராளியைத் திணறடிக்கும் தடுப்பாட்டம் ஆகியவை அவரிடம் இருந்தன. எறிதலைப் பயிற்சியால் திருத்திக்கொண்ட அவர், 2014, 2019 இறுதித் தொடர்களில் சிறந்த வீரர் விருதை வென்றார்.

ஓர் அணியின் தாக்குதல் முழுவதும் ஒருவரைச் சுற்றியே அமைந்தால் அவருடைய சராசரி உயரும் என்பதில் வியப்பில்லை. தேர்வாளர்கள் பார்ப்பது வேறு: வயது, உடல்வாகு, எதிரணிகளின் தரம், கல்லூரிக் கோட்டைவிட இன்னும் தொலைவிலுள்ள என்.பி.ஏ. மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியும் திறன், தன்னைவிட வேகமானவரைத் தடுக்க முடியுமா என்பது.