மஞ்சப்பையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாக எல்லார் போனிலும் ஓடுகிறது. அந்த ஆச்சி மஞ்சப்பையைக் கவிழ்த்து மாத்திரைகளை மேசையில் கொட்டுகிறாள். "என்ன ஆச்சி, மெடிக்கல் ஷாப் வைக்கப் போறியளா?" என்கிறார் டாக்டர். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். என் நட்புப் பட்டியலிலேயே பதினோரு பேர் ஹாஹா போட்டிருக்கிறீர்கள். நல்லா இருங்க.

அந்தப் பையில் இருந்தது ஆச்சி ஆசைப்பட்டு வாங்கியதா? சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒருத்தர், மூட்டுக்கு ஒருத்தர். ஆளுக்கொரு சீட்டு. எல்லாச் சீட்டையும் ஒன்றாக விரித்து ஒரே ஆள் பார்த்தாரா? என் கேள்வி இது ஒன்றுதான்.

எங்க பெரியம்மைக்கு முக்கூடல். நாற்பது வருசம் மடியில் தட்டு வைத்து பீடி சுற்றியவள். சர்க்கரை, பிரஷர், முழங்கால். பிரஷருக்கு எனலாபிரில் போதவில்லை என்று அம்லோடிபினும் சேர்த்தார்கள். கால் வீங்கியது. அம்லோடிபினுக்கே அந்தக் குணம் உண்டு என்று எங்களுக்கு யார் சொன்னது? வேறொருத்தர் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதினார். ராத்திரி நாலு தடவை எழுந்து நடந்ததில் வாசப்படியில் விழுந்தாள். இடுப்பு வலிக்கு இன்னொருத்தர் டைக்ளோஃபினாக். எனலாபிரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் கிட்னிக்குக் கேடு. கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 2.3 என்று வந்த பிறகுதான் அதுவும் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு சின்னப் பொண்ணு, பயிற்சி டாக்டர், "பையைக் கொட்டுங்க ஆச்சி" என்றாள். அதே பை, அதே கொட்டல். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பதின்மூன்று மாத்திரை ஏழாயிற்று. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"இருநூறு பேர் நிற்கிற ஓ.பி.யில் நேரம் ஏது?" என்று வருவீர்கள். சரி, நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். வீடியோ எடுக்க மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

"மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது, அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கொண்டுவருகிற அக்காவிடம், "முட்டிக்கு என்ன சாப்பிடுதிய?" என்று கேட்கிற வேலையையும் கொடுங்கள் என்கிறேன். மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரை எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. இங்கிலாந்தில் பல நோய் உள்ளவர்களுக்கென்றே 2016இல் தனி வழிகாட்டுதல் போட்டார்கள். எந்த மாத்திரையைக் குறைக்கலாம் என்று பார், நோயாளிக்கு எது முக்கியம் என்று கேள் என்கிறது. பெரியம்மையிடம் கேட்டேன். "செவ்வாக்கிழமை கோயிலுக்கு நடந்து போணும், வேற என்ன" என்றாள். இதை இத்தனை வருசத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்புறம் வீடியோவுக்குக் கீழே அந்தக் கமெண்ட். "படிக்காத சனம், டாக்டர்ட்ட ஒழுங்காச் சொல்லணும்லா." ஒருநாளைக்கு ஆயிரம் பீடி எண்ணி, கட்டுக் கட்டி, ஒன்று பிசகாமல் கடையில் போட்டவளுக்கு எண்ணத் தெரியாதா? நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் வைத்திருந்தாள். மாசத்துக்கு ஒரு கம்பெனி, ஒரு நிறம் என்று மாற்றிக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்?

அதை எழுதியது என் சொந்தத் தம்பி. பதினோரு ஹாஹாவில் அவனுடையதும் ஒன்று. பெரியம்மை பீடிக்கூலியில் காலேஜ் ஃபீஸ் கட்டியவன். கோயில் கொடைக்கு ஊருக்கு வாறியாம்லே. பை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குது. கொட்டிப் பாரு.