உங்கள் கட்டுரையில் அந்தக் குண்டு சோபாக்களை விட்டுவிட்டீர்களே!

பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்து (1852–1870) மரச்சாமான்கள் எல்லாம் பழைய பாணிகளின் நகல்தான், சொந்தச் சரக்கு எதுவும் இல்லை என்று கட்டுரை சொல்கிறது. பாதி சரி. அவர் மனைவி பேரரசி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் அரசி மாரி அந்துவானெத் மேல் அப்படி ஒரு மோகம், அதனால் பதினாறாம் லூயி பாணி திரும்ப வந்தது, ஆமையோட்டையும் பித்தளையையும் சேர்த்து இழைக்கும் பூல் வேலைப்பாடும் வந்தது, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் உள்ளே சுருள் ஸ்பிரிங் வைத்து, குதிரைமுடி திணித்து, துணியை அங்கங்கே பட்டன் போட்டு இழுத்துத் தைத்து, மரச்சட்டமே வெளியே தெரியாமல் செய்த குண்டு சோபாக்கள் எந்த லூயி காலத்தில் இருந்தன? இரண்டு பேர் முகம் பார்த்துப் பேச ஓர் எஸ் வடிவ இருக்கை, பெயர் 'ரகசியத் தோழன்'. அதிலேயே மூன்றாவது ஆளுக்கும் இடம் வைத்தால் பெயர் 'ரகசியம் காக்காதவன்'. பெயர் வைத்தவர் குசும்புக்காரர்தான்!

அப்புறம் அந்தக் கறுப்பு. சாயம் ஏற்றிய பேரி மரம், காகிதக்கூழில் செய்து கறுப்பு அரக்குப் பூசி முத்துச்சிப்பி பதித்த குட்டி மேசைகள். இதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

இன்னொன்று, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மூன்றாம் நெப்போலியன் அறைகள்' பேரரசர் குடியிருந்த இடம் இல்லை, அமைச்சருக்காகக் கட்டியவை. பிறகு 1989 வரை நிதி அமைச்சகம் அங்கே இருந்தது. அங்குள்ள சிவப்பு வெல்வெட்டும் தங்கப்பூச்சும் எனக்கே கொஞ்சம் ஓவர்தான்.