மாட்டுக்குச் சந்தை நிலவரம் தெரியாது

விலை கிடைக்காமல் மாடு வளர்ப்பவர் ஒருவர் கறந்த பாலைக் கொட்டும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். கேன் கேனாகப் பாலைக் கொட்டுவது எனக்குப் புதிதில்லை. கீழே ஒருவர் எழுதியிருந்ததுதான் தாங்கவில்லை: "விலை இல்லையென்றால் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதுதானே, எதற்கு இந்த நாடகம்?" அதற்கு அத்தனை பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

எப்படிக் குறைப்பது? சொல்லுங்கள். கறக்காமல் விட்டால் பால் கட்டி மடி நோய் வரும். விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் இரண்டு வேளை கறந்தே ஆக வேண்டும், தீவனம் போட்டே ஆக வேண்டும். இன்று கறக்கும் மாடு மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்த முடிவு. சினைக்காலமே ஒன்பது மாதம். விலையோ ஒரு வாரத்தில் மாறிவிடுகிறது.

கறந்த பாலும் காத்திருக்காது. தானியத்தை மூட்டை கட்டி நல்ல விலை வரும்வரை வைக்கலாம். பாலை 4 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் இரண்டு மூன்று நாள்தான்.

"வெண்ணெயாக்கு, பவுடராக்கு" என்பீர்கள். ஆக்கத்தான் செய்கிறார்கள். 4 சதவீதம் கொழுப்புள்ள 100 லிட்டர் பாலில் சுமார் 5 கிலோதான் வெண்ணெய் வரும். அந்த ஆலைகளுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் குடிக்கிற பாலின் தேவை குறைகிறது. மிஞ்சியதெல்லாம் ஆலை வாசலுக்கு வருகிறது, டேங்கர்கள் வரிசையில் நிற்கின்றன. அப்போது கூடுதல் பாலை வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. பாலின் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் க்ரீமின் பாடு இன்னும் மோசம். வெயில் ஏறும்போது ஐஸ்கிரீமுக்கு க்ரீம் கேட்கிறார்கள். அதே வெயிலில் மாடு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. பாலும் குறைகிறது, கொழுப்பும் இறங்குகிறது. குளிர்ந்து கொழுப்பு ஏறும்போது அந்த ஐஸ்கிரீம் அவசரம் ஓய்ந்துவிடுகிறது.

2020 ஏப்ரலில் பள்ளிகளும் உணவகங்களும் ஒன்றாக மூடியபோது அமெரிக்கப் பண்ணைகளிலும் பாலைக் கொட்டினார்கள். அவ்வளவு குளிர்பதன வசதி இருந்தும்! அதுவும் நாடகமா?

"கடையில் விலை இறங்கவில்லையே" என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கறப்பவரிடம் கேட்காதீர்கள், கடை விலையை அவர் வைப்பதில்லை. "தண்ணீர் கலக்கிறார்களே" என்று ஒருவர் வருவார். கலப்பவனைப் பிடியுங்கள், அதற்குத்தான் சோதனை இருக்கிறது. எல்லோரையும் ஏன் அதில் சேர்க்கிறீர்கள்?

அப்பா ஆறு மாடு வைத்திருந்தார். ஒரு வெயில் காலத்தில், கொழுப்பு குறைவு என்று கொள்முதல் நிலையத்தில் விலையைக் குறைத்தார்கள். சீட்டில் இருந்த எண்ணைத் திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரே ஏதோ தப்புச் செய்ததுபோல. சில மாதம் கழித்துக் கொழுப்பும் ஏறியது, பாலும் ஏறியது. இந்த முறை பால் அதிகம் என்று கேனையே திருப்பி அனுப்பினார்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மீதியை அவர் கொட்டியதை நான் பார்த்ததில்லை. எங்களை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டுத்தான் பின்பக்கம் போனார். வெகுநேரம் கேன் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வந்து, மாலைக் கறவைக்குத் தவிடு கலந்தார்.

வீடியோவில் இருந்தவரும் கேமராவைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, நாடகம் என்று எழுதிய அந்த ஒரு சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.